நிறையாத ஐஸ் பெட்டி

ஐஸ் பெட்டி அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது.

றோசலின் பிரிட்ஜின் கதவைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடிய விடிய சமையலறைப் பக்கமிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது: முதலில் குழாயில் தண்ணீர் ஏறும் உறுமல், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லாத அமைதி, பிறகு அச்சுத்தட்டு முறுகித் திரும்பும் கரகரப்பு, அதன் பின்னால் கட்டிகள் பொலபொலவென்று பெட்டிக்குள் விழும் ஓசை. ஒவ்வொரு தடவை விழுந்ததும் அவளுக்குத் தெரியும்; தூங்கியிருந்தால்தானே தெரியாமல் போவதற்கு. விழுந்ததெல்லாம் எங்கே? பெட்டியின் அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். புகை வாடை அடித்தது.

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை மலையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பழைய தொரை பங்களா அது. இப்போது சுற்றுலாக்காரர்கள் வாடகைக்குத் தங்குகிறார்கள். சமையல், காவல், கூட்டிப் பெருக்குவது எல்லாம் றோசலின்தான். பல் கிட்டிக்கும் குளிரில் வந்து உட்கார்ந்துகொண்டு கிளாசுக்கு ஐஸ் கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது? அவர்களுக்காகத்தான் தானாக ஐஸ் போடும் இந்தப் பெரிய பிரிட்ஜ் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

அட்டனிலிருந்து பிரிட்ஜ் திருத்தும் டக்ளஸ் மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தான். அதற்குள் மூட்டம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. அவன் பிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"முந்தி நீங்க போன் பண்ணுனப்ப தண்ணியே ஏறலன்னு சொன்னீங்களேக்கா? அமுக்கம் பத்தலன்னு நான்கூடச் சொன்னேன். அது எப்படிச் சரியாச்சு?"

"தானா சரியாயிடுச்சு தம்பி."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டக்ளஸ் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே தொங்கிய மெல்லிய கம்பியைத் தூக்கிக் காட்டினான்.

"இந்தக் கம்பியப் பாருங்க. பெட்டி நெறஞ்சா ஐஸ் இதுல முட்டும், மிஷின் நின்னுரும். முட்டாத வரைக்கும் போட்டுக்கிட்டேதான் இருக்கும். மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. யாரோ அள்ளிக்கிட்டுப் போறாங்க."

"நான் மட்டுந்தானே இருக்கேன்."

அவன் தண்ணீர் வடிகட்டியைக் கழற்றினான். புதிதாகப் போட்டது. கவிழ்த்ததும் கறுப்புக் குழம்பாக எதுவோ அவன் உள்ளங்கையில் வழிந்தது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"கரி. லயம் எரிஞ்ச சாம்பல் ஊத்துத் தண்ணில கலந்திருக்கும்."

றோசலின் தலையாட்டினாள். ஊற்று பங்களாவுக்கும் மேலே இருக்கிறது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் எங்கோ கீழே பள்ளத்தில் இருக்கிறது என்பது அட்டன்காரனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

டக்ளஸ் வடிகட்டியைக் கழுவிப் பொருத்தி, சுவரோரம் இருந்த குழாயை இறுக்கி மூடினான். "நாளைக்கி வேற வடிகட்டி கொண்டாறேன். அதுவரைக்கும் மூடியே இருக்கட்டும். தண்ணி இல்லாம எப்படி ஐஸ் விழும்?" என்று சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் இறங்கிப் போனான்.

அந்தச் சத்தம் மூட்டத்துக்குள் அடங்குவதற்குள் பின்கதவில் செல்லசாமி வந்து நின்றார். மலையின் தண்ணீர் வால்வை முறை வைத்துத் திறந்துவிடுகிறவர். கோடையில் ஒரே ஊற்றைத்தான் பங்கு போட வேண்டும்: பகலில் பங்களாவுக்கு, பொழுது சாய்ந்தால் லயத்துக்கு. திருப்பிவிட்டு, வால்வுச் சாவியைப் பங்களாச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அவர் உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி ஆபீசுல விசாரண வச்சிருக்காங்கம்மா. தீப்பிடிச்ச அன்னைக்கி நான் லயத்துக்குத் தண்ணி தெறக்க மறந்துட்டேன்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க. நான் தெறந்துட்டுத்தாம்மா சாவிய மாட்டுனேன். நீங்க இங்கதானே நின்னீங்க? ஒரு வார்த்த வந்து சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லண்ணே."

கிழவர் "அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஞாபகம் இல்லையாம். என்ன நெஞ்சழுத்தம்! அன்றைக்கு அவர் தலை மறைந்ததுமே ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் போய், சவுக்கு மரத்தடியில் வால்வை முழுசாகப் பங்களாப் பக்கம் திருப்பியவள் அவள்தான். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள், ஐஸ் இல்லையென்றால் மேனேஜர் ஏசுவார். ஒரு ராத்திரிதானே, விடியுமுன் திருப்பிவிடலாம் என்று நினைத்தாள். பெட்டி நிறைய ஐஸ் விழுந்தது. அன்று ராத்திரி லயம் தீப்பிடித்தது. குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். தீ வெளிச்சத்தைப் பார்த்து ஓடிய றோசலின், நேராக லயத்துக்கு ஓடவில்லை. வால்வைத் திருப்பிவிட முதலில் சவுக்கு மரத்தடிக்குத்தான் ஓடினாள்.

அவள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் அந்த லயத்தில்தான். ராத்திரி பங்களாவில் தங்க வேண்டியிருந்ததால், கள்ளனுக்குப் பயந்து உள்ளே விளக்கைப் போட்டுவிட்டுப் பூட்டி வந்திருந்தாள். பக்கத்துக் காம்பரா கிருஷாந்தி அந்த வெளிச்சத்தைப் பார்த்து, அக்கா உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்து, கதவை உடைத்துக்கொண்டு போனாள். தேடியிருக்கிறாள். கூரை விழும் வரைக்கும் தேடியிருக்கிறாள்.

கிருஷாந்தியை வெளியே இழுத்து, லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது அவள் தலை றோசலினின் மடியில்தான் இருந்தது. அவளுக்குக் கண் தெரியவில்லை. "எரியுது, குளுந்ததா ஏதாச்சும் வைங்க" என்றாள். பெட்டி நிறைய ஐஸ் இருப்பது றோசலினுக்குத் தெரியும். பள்ளத்திலிருந்து வெளியே போகும் ஒரே பாதையில் லொறி பங்களா வாசலைத் தாண்டித்தான் போனது. ஐஸ் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கடைசியாகக் கிருஷாந்தி கேட்டது ஒன்றுதான்.

"றோசலினக்கா வெளிய வந்துட்டாங்களா?"

அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. இதோ வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லவில்லை.

கிருஷாந்தி செத்து எட்டாம் நாள், நேற்று, எட்டுக் கும்பிட்டு முடித்தாயிற்று. அந்த வீட்டுப் படையலில் தண்ணீர்ச் செம்பு வைத்தபோது றோசலின் கும்பிடாமல் வெளியே வந்துவிட்டாள்.

சமையலறைக்குள் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட எழுந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. குழாயில் உறுமல். சுவரோரம் குனிந்து தொட்டுப் பார்த்தாள். இறுக்கி மூடித்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜின் முனகல் அடங்கியது. வீடே அடங்கியது. ஓட்டின் மேல் மூட்டம் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

கரகரவென்று தட்டு திரும்பியது.

பொலபொலவென்று விழுந்தது.

கதவைத் திறந்தாள். பெட்டி காலி. அவள் காலடியில் ஈரம். ஈரத்தில் கரி கலந்திருந்தது. ஒரு சொட்டு, அதற்கப்பால் ஒரு சொட்டு, இடையில் வெறுங்காலின் தடம். சின்னக் கால். சமையலறையைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, நடையோடு போய்க் கடைசி அறைக்குள் நுழைந்தது. அவள் பூட்டி வைத்திருந்த அறை.

கதவு திறந்திருந்தது.

போகாதே என்று மனசு அடித்துக்கொண்டது. கால் கேட்கவில்லை. அந்த அறையை ஒட்டிய குளியலறை வாசலில் புகை வாடை. ஜன்னல் வழியே சாம்பல் நிற வெளிச்சம்.

குளியல் தொட்டி விளிம்பு வரை ஐஸ். இத்தனை நாள் விழுந்தது எல்லாம். ஒன்றுகூடக் கரையவில்லை. நடுவில், ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம். பள்ளத்தில் ஒரு படுக்கை விரிப்பு. மஞ்சள் பூப்போட்டது. ஓரமெல்லாம் கருகியது. தலைமாட்டில் ஒரு தலையணை.

அவளுடைய விரிப்பு. அவளுடைய தலையணை. காம்பராவோடு எரிந்துபோனவை.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி வந்த களைப்பு.

"பயப்படாதீங்கக்கா. வெளிய கொண்டாந்துட்டேன்."

நான் உள்ளே இல்லை கிருஷாந்தி. நான்தான் வால்வை. சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் கரி. சத்தம் வரவில்லை.

ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது. பதமாக. நோயாளியைப் பிடிக்கிற மாதிரி. பிடித்த இடத்தில் தோல் தோலோடு ஒட்டியது.

"எரியுதுல்ல? கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஒங்களுக்குத்தான் சேத்து வச்சிருக்கேன்."

அப்போதுதான் றோசலினுக்கு எரியத் தொடங்கியது.