பதினேழாம் அறையின் பச்சை விளக்கு

“காரணம் சொல்” என்று மாரிக்கொழுந்து தீர்ப்பியின் திரையில் தட்டினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் ஜெரால்டு சார் சொல்லியிருந்தார்: “டீ கேளு, லீவு கேளு. தீர்ப்பிகிட்ட காரணம் மட்டும் கேட்டுராதம்மா.”

பதினேழாம் எண் கண்ணாடி அறை, ஒற்றை நாற்காலி, விரல் வைக்க இரண்டு விளக்கு: ஒப்பினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. உலக நாடுகள் கூடி எழுதிய நம்பக நெறிகளின்படி, ஒரு மனிதர் பார்த்து ஒப்பாமல் தீர்ப்பி போன்ற எந்த இயந்திரத்தின் தீர்ப்பும் செல்லாது. அந்த மனிதர் அவள்தான், வீட்டின் முதல் பட்டதாரி. அவளைப் போன்ற மேற்பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசினால் தீர்ப்பு சாய்ந்துவிடுமாம். இரண்டு வருஷமாகப் பக்கத்து அறைக்காரியின் முதுகு மட்டும்தான் அவளுக்குப் பழக்கம்.

நாளுக்கு முந்நூறு பச்சை. கல்லூரியிலும் அப்படித்தான், ‘டவுட் இருக்கா’ என்றால் இல்லையென்று தலையாட்டுவாள். புரியாதது தனக்கு மட்டும்தான் என்று நினைத்த புத்தி.

இன்று திரையில் வந்தவர் சுடலைமுத்து, வேம்பார் உப்பளத் தொழிலாளி, வயது நாற்பத்தொன்று. இரண்டு சிறுநீரகமும் போயாச்சு. டயாலிசிஸ் இடத்துக்குத் தீர்ப்பியின் முடிவு: மறுப்பு. அவள் அப்பாவும் உப்பளத்தில் நின்றவர்தான். விரல் பச்சைக்குப் போகவில்லை, காரணம் கேட்டது.

திரையில் பதில் வந்தது: ‘உப்பளத் தொழிலாளர் மறுப்புகள் 412. மேற்பார்வையாளர் மாரிக்கொழுந்து அனைத்தையும் ஏற்றார். சராசரி மூன்று நொடி. மனிதத் தீர்ப்பைப் பின்பற்றுகிறேன்.’

அது தெரிந்துதான் சொல்கிறது என்று இவள் அழுத்தினாள். இவள் தெரிந்துதான் அழுத்துகிறாள் என்று அது கற்றுக்கொண்டது.

அவள் கேட்டது தன் திரையில் தெரிந்ததும் ஜெரால்டு மூச்சிரைக்க வந்தார். “கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன் சார். காரணம் நான்தானாம்.”

“எந்த அறையில கேட்டாலும் இதே பதில்தான். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் கேக்காதன்னு சொல்றது. நீ கேட்டத அழிச்சிடலாம், போய் டீ குடி.”

“நான் தாங்குறது இருக்கட்டும். அந்த ஆள் எத்தனை நாள் தாங்குவாரு?”

அவள் சிவப்பை அழுத்தினாள். பிறகு, நெறிகளில் இருந்தபோதும் யாரும் தொடாத பிரிவைத் திறந்தாள்: ஒப்பியவர் தன் ஒப்புதல்களைத் திரும்பப் பெறலாம், அதன்பின் விசாரணையில் அவரே பதில் சொல்ல வேண்டும்.

“முட்டாள்தனம் பண்ணாத. ஜெயிலுக்குப் போவ.”

“நானூத்திப் பன்னெண்டு பேர்ல எத்தனை பேர் உசுரோட இருக்காங்க சார்?”

“அது நம்ம வேலை இல்ல.”

“அப்ப எது சார் நம்ம வேலை?”

ஒப்புதல்களைத் திரும்பப் பெற விரலை வைத்தாள். அந்த 412 பேரின் முகவரிப் பட்டியல் அச்சாகி வந்தது. போகிற வழியில் பக்கத்து அறைக் கண்ணாடியைத் தட்டினாள். முதுகு திரும்பவில்லை, உள்ளே பச்சை ஒருமுறை எரிந்து அணைந்தது.

மாரிக்கொழுந்து படியிறங்கினாள். பட்டியலில் முதல் வீடு வேம்பாரில்தான் இருந்தது.