மிக்கேல் தட்டிய தாளம்

பல் துலக்கும்போதுகூட ஜெரோம் எதையும் முணுமுணுப்பதில்லை. முதலில் அலைபேசியில் பாட்டுப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். மனதில் ஓடும் மெட்டு அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பெரும்பாலும் இருக்கும். பதிவான மெட்டை வேறு யாரும் பாடக் கூடாது. பதிவு செய்தவர் பெயரும் ஜெரோம்தான். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது!

தூத்துக்குடியில் மூன்று இசைக்குழுக்கள் நடத்தியவர் அவர். இருபத்து மூன்று வயதில் ‘உப்புக்காற்று’, பிறகு ‘கலங்கரை’, கடைசியாக ‘மூன்றாம் மணி’. குழு கலைந்தாலும் அதன் நகல் தொடர்ந்து இசைக்கும் என்பது ஒப்பந்தம். கடைசி ஒத்திகை நாளில் எல்லோருடைய மூளைப்படிவமும் எடுக்கப்படும். நகல்களுக்குத் தாங்கள் நகல் என்று தெரியாது. அவர்களுக்கு எந்நாளும் அந்த ஒரே நாள்தான். மூன்று ஜெரோம்களும் சளைக்காமல் எழுதித் தள்ளினார்கள். அசல் ஜெரோமுக்கு ஒன்பது வருடமாக ஒரு பாட்டுகூட மிஞ்சவில்லை.

போன மாதம் அவர் மனைவி ஸ்டெல்லா இறந்துபோனாள். அழுகையோடு ஒரு பாட்டும் வந்தது. பதிவேட்டில் அது இல்லை. எப்படி இருக்கும்? அவள் செத்தது அந்த மூன்று பேருக்கும் தெரியாதே. இது ஒன்றாவது தனக்கே தனக்காக இருக்கட்டும் என்று அவர் ஏங்கினார்.

ஆனால் பழக்கம் விடுமா? எந்தப் பாட்டையும் முதலில் டிரம்மர் மிக்கேலிடம் பாடிக் காட்டுவார். அவன் மேசையில் விரலால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் அது பாட்டு. மிக்கேல் கடலில் மூழ்கி இறந்து பதினாறு வருடமாகிறது. இப்போது அவன் இருப்பது உப்புக்காற்றின் நகலில் மட்டும்.

துறைமுகச் சாலையில் இருந்த நகல் நிலையத்துக்குப் போனார். பார்வையாளர் பாடினால் பதிவாகாது, நகல் அதைப் பாடினால் அதன் பெயரில் பதிவாகிவிடும் என்று வாசலிலேயே எச்சரித்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மிக்கேல் இளமையாக உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு ரசிகர் என்று நினைத்து வணக்கம் வைத்தான். ஜெரோம் மெல்லப் பாடினார். மிக்கேலின் விரல்கள் மேசையில் தட்டின, தலை ஆடியது.

அவன் பின்னால் கிட்டாரோடு ஒருவன் வந்து நின்றான். இருபத்து மூன்று வயது ஜெரோம்.

“நான் எழுதுற மாதிரியே இருக்கே அண்ணாச்சி. யாரு செத்தது?”

கேட்டுவிட்டு அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். அசல் ஜெரோமுக்குச் சட்டென்று புரிந்தது. அந்தக் கடைசி ஒத்திகைக்கு வருவதாக ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். பிந்தித்தான் வந்தாள், அதற்குள் படிவம் எடுத்து முடித்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருடமாக இவன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறான்.

உண்மையைச் சொன்னால் பையன் ஒடிந்துபோவான். அவனிடம் பாட்டு நின்றுவிடும். இந்தப் பாட்டாவது தனக்கே மிஞ்சும். ஜெரோம் வாயைத் திறந்தார்.

“யாரும் சாகல தம்பி. சும்மா கற்பனை.”

“நல்லவேளை. ஒருத்தி வாரேன்னு சொல்லியிருக்கா. இதைக் கேட்டதும் பயந்துட்டேன்.”

“வந்துருவா.”

“அப்ப இதை நாங்க பாடிக்கிடலாமா? அவ வந்ததும் பாடிக் காட்டணும்.”

ஜெரோம் சரியென்று தலையசைத்தார். மிக்கேல் குச்சிகளைத் தட்டி எண்ணினான். ஸ்டெல்லாவின் சாவுக்கு வந்த பாட்டை, அந்தப் பையன் கதவைப் பார்த்தபடி, சிரித்துக்கொண்டே பாடத் தொடங்கினான்.