வண்டிவீட்டின் தாழ்ப்பாள்

வண்டிவீட்டின் அடித்தகடு முழுவதும் துருவேறிப் போயிருந்தது, ஓர் உள்ளங்கை அகலத்தைத் தவிர. நாய்க்குட்டியைக் கட்டுவதற்காக அச்சுக்கம்பிக்குக் கீழே குனிந்த அருமைநாயகம் அந்த இடத்தைக் கண்டார். வாசற்படிக்கு அருகே, சில்லின் உட்புறமாக, தகடு நேற்றுத்தான் சாம்பல் போட்டுத் துலக்கிய செம்புபோல மினுங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் கடற்காற்றில் கிடந்த வண்டி அது. மற்ற இடங்களில் விரல் பட்டாலே துரு உதிர்ந்தது.

"இதுக்குள்ள ஆரும் இருந்தவங்களா, நல்லரத்தினம்?" என்று குனிந்தபடியே கேட்டார்.

தென்னந்தோட்டத்துக் காவலாளி நல்லரத்தினம் தண்ணீர்க் குடத்தை இருபது முழத்துக்கு அப்பாலேயே இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"இதுக்குள்ளயா? ஆரு இருப்பா? வௌவால்தான் குடும்பம் குடும்பமா இருந்திச்சு. அதுகளும் போன மாரியோட போயிட்டுதுகள்."

"நீ ஏன் அவடத்தயே நிக்கிறாய்? கிட்ட வாவன்."

"எனக்கு இவடம் காணும், ஓவசியரையா." நல்லரத்தினம் சிரிக்கப் பார்த்தார். "கனடாவில நல்ல வீட்டில இருக்கிற புள்ளைய ஏன் இந்தத் தகரப் பெட்டிக்குள்ள போட்டு அவிக்கப்போறீங்க?"

"அவள்தான் கேட்டவள்."

அது உண்மை. சமாதான ஒப்பந்தம் வந்து ஓராண்டு கடந்தபின் மகள் இராசாத்தி தொலைபேசியில் அழைத்திருந்தாள். "பாசிக்குடாவில வண்டிவீட்டில நாலு நாள் நிக்கணும் அப்பா. நாயும் வேணும், செம்பனப் போல. மகனுக்கு எல்லாம் சொல்லி வச்சிருக்கன்." மூன்று வயதுப் பேரனை அவர் இன்னும் கண்டதில்லை. நாளைக் காலை வருகிறார்கள். செங்கலடிச் சந்தையில் கந்தப்போடியிடம் வாங்கிய குட்டிக்கு அவர் பெயர் வைக்கவில்லை. பேரன் வைக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அணைக்கட்டு வேலைக்குக் காடுகளுக்குள் போகும் உத்தியோகத்தர்கள் தங்குவதற்கென்று நீர்ப்பாசனத் திணைக்களம் செய்வித்த வண்டி அது. இரண்டு படுக்கைகள், மடக்கு மேசை, சிறு அடுப்பு, இரும்புத் தாழ்ப்பாள் போட்ட ஒரே கதவு. அங்கே ஓவசியராக, வேலை மேற்பார்வையாளராக இருந்த அருமைநாயகம் எண்பத்திரண்டாம் ஆண்டு அதை ஏலத்தில் எடுத்தார். ஆண்டுதோறும் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்ததும், ஓட்டமாவடி அசனார் தன் உழவு இயந்திரத்தில் அதைக் கொளுவி, பாசிக்குடாவுக்கு இழுத்து வந்துவிடுவார். ஓவசியரும் மனைவி சீதேவிப்பிள்ளையும் மகளும் உள்ளே இருப்பார்கள். செம்பன் என்ற நாய் இயந்திரத்தின் சில்லுக்கு மேலிருக்கும் மட்காட்டில், அசனாருக்குப் பக்கத்தில், தானே ஓட்டிச் செல்வதுபோல நிமிர்ந்து இருப்பான்.

பொழுது பட்டதும் செம்பனை அச்சுக்கம்பியில் கட்டுவது வழக்கம். அந்நியர் வந்தால் குரைப்பான். அறிந்தவர் வந்தால் குரைக்கமாட்டான். வாலால் அடித்தகட்டைத் தட்டுவான். தொம். தொம். தொம். காது அதைக் கேட்கும் முன்னமே உள்ளே இருப்பவர்களின் உள்ளங்கால் உணர்ந்துவிடும். சீதேவிப்பிள்ளை வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. "நம்மட ஆள் ஒண்டு வருகுது" என்று இன்னொரு கோப்பையை எடுத்து வைப்பாள். பெரும்பாலும் அது, செம்பனுக்குச் சூடைமீன் கொண்டு வரும் அசனாராகத்தான் இருக்கும்.

அந்த வண்டிக்குள்தான் அவர் மகளுக்கு ஆமைக் கதை சொன்னார். வீட்டை முதுகில் சுமந்த ஓர் ஆமை, அதன் தோழனான ஒரு முயல். முயலை நரி துரத்துகிறது. முயல் வந்து ஓட்டைத் தட்டி இடம் கேட்கிறது. ஆனால் ஆமையின் வீட்டுக்கு வேறு கதவு கிடையாது, அதன் தலைதான் கதவு. தலையை நீட்டினால் நரி கண்டுவிடும். ஆமை என்ன செய்திருக்கும்? கதையை அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

"துறந்திருக்கும்" என்பாள் இராசாத்தி, ஒவ்வொரு முறையும்.

"அது ஓவசியர்ர ஆமை, புள்ள" என்பார் படியில் இருந்து தேநீர் குடிக்கும் அசனார். "பைல் பாத்து, ஒப்பம் வச்சு, மறுகாத்தான் துறக்கும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அருமைநாயகமும் சிரிப்பார்.

தொண்ணூறாம் ஆண்டில் செங்கலடிச் சந்தியில் கடைகள் திறக்காத நாட்கள் வந்தன. பதினொரு வயது மகளிடம், விடுமுறைக்குப் போகிறோம் என்றார். கடற்கரைத் தோட்டத்தில் நாலு நாள் ஒதுங்கி இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று அவர் கணித்தார். வெள்ளத்தின் போக்கை அளந்து பழகிய மனிதர் மனிதரின் போக்கையும் அப்படியே அளந்துவிட்டார். வண்டியை நிறுத்திக் கொக்கியைக் கழற்றிய அசனார், "மூணாம் நாள் பொழுதுபட வாறன். என்ன நடந்தாலும் வாறன். வெளிக்கிட்டு நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாட்களுக்குள் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் இரண்டுபட்டன. நேற்றுவரை ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கொன்றார்கள். தோணியில் போன ஒருவன் கரைக்கு வராமலே கூவிச் சொன்னான்: அந்தப் பக்கத்து ஆள் ஒருவனை வைத்திருந்தால், வைத்திருந்தவனுக்கும் அதே கதிதான்.

மூன்றாம் நாள் பொழுது பட்டது. ஓட்டமாவடிப் பக்கமிருந்து காற்றில் வரும் பள்ளிவாசல் பாங்கு அன்று வரவில்லை. இயந்திரத்தின் இரைச்சலும் வரவில்லை. செம்பனின் வால் மட்டும் அடித்தகட்டைத் தட்டியது.

தொம். தொம். தொம்.

"அப்பா, அசனார் மாமா" என்று எழுந்தாள் இராசாத்தி. அவர் அவளை இழுத்து மடியில் அமர்த்தி, வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினார். சீதேவிப்பிள்ளை தாழ்ப்பாளை நோக்கி எழுந்தாள். அவர் பார்த்த பார்வையில் நின்றாள்.

கதவில் விரற்கணுவால் மூன்று தட்டு. "ஓவசியர். நான் அசனார். துறங்க." தாழ்ந்த, மூச்சு வாங்கும் குரல். மறுபடி மூன்று தட்டு. தூரத்தில் ஆட்களின் பேச்சரவம். மூன்றாம் முறை பெயர் சொல்லவில்லை. "துறங்க" மட்டும்.

அதன்பின் கதவு தட்டப்படவில்லை. வால் மட்டும் விடியுமட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

காலையில் கதவைத் திறந்தபோது படியில் ஒரு சாவி இருந்தது. சிவப்பு நூல் கட்டிய, உழவு இயந்திரத்தின் சாவி. தோட்டத்தின் எல்லையில், மட்டைகள் போட்டு மறைத்தபடி இயந்திரம் நின்றது, கொக்கி ஆணி கழற்றி ஆயத்தமாக. அசனார் ஒளிந்துகொள்ள இடம் கேட்டு வரவில்லை. சொன்ன சொல்லுக்கு, அவர்களை இழுத்துச் செல்ல வந்திருக்கிறார்.

அந்த இயந்திரத்திலேதான் அவர்கள் தப்பி, ஊருக்கு வெளியே அதை விட்டுவிட்டு நடந்தார்கள். வண்டியைக் கொளுவ நேரமில்லை. செம்பனை அவிழ்த்துவிட்டும் அவன் வரவில்லை. தாழம்புதரைப் பார்த்தபடி இருந்த இடத்திலேயே இருந்து, வாலால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். புதரில் எதுவுமே தெரியவில்லை.

நான்கு மாதத்தின் பின் அசனாரின் மனைவி ஜெமீலா தேடி வந்தாள். "உங்களக் கூட்டிவரத்தான் மெசின எடுத்துக்கிட்டுப் போனாரு, ஓவசியர். வந்து சேந்தாரா?"

"வரல்ல" என்றார் அருமைநாயகம்.

உள்ளே நின்ற சீதேவிப்பிள்ளை அதைக் கேட்டாள். அன்று தொடங்கி அவள் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடவில்லை, ஊரடங்கு நாட்களிலும். ஐந்து ஆண்டுகள் அப்படி வாழ்ந்து, அவரோடு அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசாமல் செத்துப்போனாள். இராசாத்தியின் நினைவில் தங்கியதோ விடுமுறைகளின் இனிமை மட்டும்தான். அன்றைக்கு அசனார் மாமாதானே அப்பா வந்தது என்று ஒருமுறை கேட்டாள். காற்று என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவர் தமக்குள் ஒரே ஒத்திகையைப் பார்த்தார். எழுகிறார், தாழ்ப்பாளை இழுக்கிறார், கதவைத் திறக்கிறார். இன்னொரு முறை வாய்த்தால் திறந்துவிடுவேன். இந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பதின்மூன்று ஆண்டுகளும் அவரால் சோறு தின்ன முடிந்தது.

"பாங்குக்கு முன்னம் நான் போயிருவன்" என்றார் நல்லரத்தினம். "நீங்களும் வாங்க. என்ட வீட்டில படுத்திட்டு விடிய வரலாம்."

"ஏன்?"

"தட்டுற சத்தம் கேக்கும்."

"கதவிலயா?"

நல்லரத்தினம் குடத்தைப் பார்த்தார். "கதவில இல்ல."

அருமைநாயகம் போகவில்லை. பூஞ்சணம் பிடித்த பஞ்சு மெத்தைகளை வெயிலில் தட்டி உள்ளே கொண்டுவந்தார், வௌவால் எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அது புதிதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும்போது கடற்பாசியின் அழுகல் வாடையும், எங்கிருந்தோ தாழம்பூவின் கனத்த வாசனையும் சேர்ந்து வந்தன. பகல் முழுதும் ஓலைகளை உலுப்பிய கச்சான் காற்று மெல்ல மெல்ல இளைத்தது. கீழே கட்டிய குட்டி சங்கிலியை இழுத்து இழுத்து அனுங்கிக்கொண்டிருந்தது. அந்த மினுங்கும் இடத்திலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நின்றது. அவர் அதை அவிழ்த்து, உள்ளே எடுத்து வந்து, கதவைச் சாத்தினார். கை தானாகத் தாழ்ப்பாளைப் போட்டது.

விளக்கைக் கொளுத்தினார். ஓட்டமாவடிப் பக்கமிருந்து பாங்கு வந்தது. இழுத்து, தேய்ந்து, முடிந்தது. அதன் பின் கடலும் ஓசை அடங்கிக் கிடந்தது.

தொம்.

முதலில் உள்ளங்காலில்தான் பட்டது.

குட்டி வாலை ஆட்டுகிறது என்று எண்ணினார். பலகையில் பட்டிருக்கும். குனிந்து பார்த்தார். குட்டி அவருடைய இரு பாதங்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது, வால் வயிற்றுக்கடியில் செருகியிருந்தது.

தொம். தொம்.

அவசரமில்லாத தட்டல். பழகிய தட்டல். தனக்குப் பிடித்தவரை வெகு தூரத்தில் கண்டுவிட்ட நாயின் தட்டல்.

தொம். தொம். தொம்.

விரைந்தது. ஆள் கிட்ட வருகிறது. அவருக்குத் தெரியும், இன்னும் பத்து அடி, இன்னும் ஐந்து. மேசையில் இருந்த கோப்பை நடுங்கியது. ஒரு கோப்பை. இன்னொன்றை எடுத்துவைக்க அங்கே யாரும் இல்லை.

படி கிறீச்சிட்டது.

இதுதான், என்று நினைத்தார். இதற்காகத்தான் பதின்மூன்று ஆண்டுகள். எழும்பு. தாழ்ப்பாளை இழு. எண்ணெய் விட்டிருக்கிறாய். ஒரு விரல் போதும்.

கதவில் மூன்று தட்டு. விரற்கணுவால்.

"ஓவசியர்."

அதே குரல். அதே மூச்சு வாங்கல். ஒரு நாள் கூட மூப்படையாத குரல்.

"நான் அசனார். துறங்க."

குட்டி தலையைத் தூக்கிற்று. அதன் தொண்டையில் ஒரு சத்தம் திரண்டது. அவர் அதை வாரி எடுத்து மடியில் அமர்த்திப் பொத்தினார். சத்தம் வெளியே போகக்கூடாது. இப்போது எழுவேன். இதோ. இந்தச் சத்தம் அடங்கியதும் எழுவேன்.

மறுபடி மூன்று தட்டு.

எழவில்லை. கால்கள் இருந்தன. தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, விளக்கொளியில் எண்ணெய் மினுங்க. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்தது. கை மட்டும் இறுகியது.

"துறங்க."

பிறகு எதுவும் இல்லை. படி மறுபடி கிறீச்சிட்டது. காலடிகள் தாழம்புதர்ப் பக்கமாகப் போயின, அவசரப்படவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரென்று அவருக்குத் தெரியவில்லை. விளக்கு தாழ்ந்து எரிந்தது. மடியில் ஏதோ கனத்தது. கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

குட்டியின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூக்கு இன்னும் ஈரமாக இருந்தது. மூச்சு இல்லை.

"டேய்" என்றார். கூப்பிடுவதற்கு அதற்கு ஒரு பெயர் இல்லை.

அப்போது அடித்தகடு தட்டப்பட்டது. தொம். அருகே, அதைவிடச் சிறிதாக, இளசாக, இன்னொன்று. டொப்.

தொம். டொப். தொம். டொப்.

அவர் அறிந்த யாரோ மறுபடியும் தென்னைகளுக்கிடையே வந்துகொண்டிருந்தார்கள். கீழே, இரண்டு வால்கள் தட்டிக்கொண்டிருந்தன.