ஆதித்தொட்டியில் விழுந்த தயிர்சாதம்

நாற்பத்தோரு ஆண்டுகளாக உயிரின் வாடையே படாமல் காத்துவந்த ஆதித்தொட்டிக்குள் அதன் பராமரிப்பாளன் ஜெபராஜ் தயிர்சாதத்தைக் கொட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காப்புடையை மறுபடி மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அந்தச் சோம்பலுக்காக ஆறு வருடமாகச் சோற்று டப்பாவை உடைக்குள் கடத்திவந்தான். அன்று முகமூடியையும் கையுறையையும் கழற்றிய நேரம் டப்பா நழுவியது. பதறிப்போய் வெறுங்கையை விட்டு டப்பாவை எடுத்துவிட்டான். சோறு வரவில்லை. புத்தி அவனுக்கு எப்போதும் ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும்.

தூத்துக்குடிக் கடல் செத்து அரை நூற்றாண்டாகிறது. மீன் மட்டுமல்ல, பாசிகூட இல்லை. அதனால் கரையோர ஊர்தோறும் ஒரு தொட்டி: பூமியின் முதல் கடலைப்போல வெதுவெதுப்பான நீர், அமோனியா, இரும்பு, செயற்கை மின்னல். மூலக்கூறுகள் தாமாகக் கூடி உயிராக வேண்டும். பழைய உயிர் ஒரு துளி உள்ளே போனாலும் பிறக்கப்போவதைத் தின்று தீர்த்துவிடும் என்பது முதல் நாளே சொல்லித்தரும் விதி.

அபாயமணி அலறியது. வேதியியலர் இசக்கியம்மாள் ஓடிவந்தார். வந்ததும் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டினார்.

"அண்ணாச்சி, உள்ள என்னத்தப் போட்டீய?" ஒலிபெருக்கியில் அவர் குரல்.

"தயிர்சாதம் மேடம். ஊறுகாய் விழல."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நுண்ணோக்கித் திரையையே பார்த்தார்.

"நாப்பது வருசத்துப் பிள்ளையைக் கொன்னுட்டேனா? தயிர்க்கிருமி தின்னுட்டுதா?"

"கையை எங்கயும் துடைக்காதீய."

"வேலை போயிருமா?"

"வலிக்குதா?"

அப்போதுதான் கையைப் பார்த்தான். நகக்கண்ணோரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வலி இல்லை. தொட்டுப் பார்த்தான், தொட்டது தெரியவில்லை. வெளுப்பு விரல் கணுவைத் தாண்டியிருந்தது.

"மேடம், நாலு மணிக்குப் பிள்ளையை ஸ்கூல்ல கூப்பிடணும். நேரமானா வாசல்ல நின்னு அழுவா. எதையும் மறைக்காம சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போவேனா?"

இசக்கியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"உங்க தயிர் அதைத் தின்னல அண்ணாச்சி. அதுதான் தயிரைத் தின்னுட்டுது. தொட்டில உயிர் வந்து மூணு நாளாச்சு, நாங்கதான் வெளிய சொல்லல. நம்ம உடம்புக்கு அது என்னன்னே தெரியாது, எதுத்து நிக்கவும் தெரியாது. இந்தக் கதவை நான் திறக்க மாட்டேன்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளையை நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."