விடாத கை

சுபத்ரா ஆரணியில் வந்து இறங்கியபோது, பிற்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ நுழைந்த சந்தெல்லாம் விசைத்தறிச் சத்தம். எங்கோ பட்டு நூலைச் சோடாவில் வேகவைக்கும் வாடை ஈரக்காற்றில் கனத்துக் கிடந்தது.

தேவகி வாசலுக்கு ஓடி வந்தாள். "வாங்க மேடம். காலைலேர்ந்து உங்களையேதான் கேட்டுகினு கீறாரு."

உள்ளே கட்டிலில் அவள் கணவன் மணவாளன் படுத்திருந்தான். மூன்று வருடம் முன்பு, செய்யார் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போன கம்பெனி பஸ் கவிழ்ந்ததில் அவன் கழுத்து நொறுங்கியது. அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் குழு, அவன் மூளையில் தொடுதலை உணரும் இடத்தில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்து அனுப்பியிருந்தது. அதோடு இணைக்க வேண்டிய கையுறையைத்தான் அந்தக் குழுவிலிருந்து சுபத்ரா கொண்டுவந்திருந்தாள். கையுறையை யாராவது தொட்டால் அந்த அழுத்தம் மின்துடிப்பாகி மூளைக்குப் போகும். மரத்த கை மறுபடி தொடுதலை அறியும்.

வலது கையில் கையுறையை மாட்டி, அவன் தலையில் பொருத்தியிருந்த இணைப்பில் கம்பியைச் செருகினாள்.

"கண்ணை மூடிக்கோங்க. எங்க தொடறேன்னு சொல்லுங்க."

"ஆள்காட்டி வெரலு... இப்ப சுண்டு வெரலு."

எல்லாம் சரி. சுபத்ரா விலகி, தேவகியை அழைத்தாள். தேவகி அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.

"நீதானே?" என்றான் மணவாளன். மூடிய கண்களின் ஓரம் நீர் வழிந்தது.

தேவகி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி காபி போட உள்ளே போனாள். சுபத்ரா மடிக்கணினியின் பக்கம் திரும்பினாள்.

அப்போது கரண்ட் போனது. சந்திலிருந்த தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. பாட்டரியில் ஓடிய திரையின் வெளிச்சம் மட்டும் அறையில் மிஞ்சியது.

"தேவகி, மெதுவா புடி. இறுக்குது."

சுபத்ரா திரும்பினாள்.

கட்டிலருகே யாரும் இல்லை.

"அவங்க அடுக்களையில இருக்காங்க," என்றாள், தாழ்ந்த குரலில்.

மணவாளன் கண் திறந்தான். "அப்ப இது யாரு?"

கையுறை மேல் விழும் அழுத்தத்தைக் காட்டும் திரையில், உள்ளங்கை நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. புறங்கையில் நான்கு. கையுறையின் துணி அந்த ஐந்து இடங்களிலும் மெல்லக் குழிந்தது.

"ஈரமா கீது மேடம்..."

அந்தக் கையுறைக்கு ஈரம் தெரியாது.

மணவாளன் கையுறையையே பார்த்தான். "பஸ்ல பக்கத்து சீட்டு எழிலரசன்... ரெண்டு பேரும் தகரத்துக்கு அடியில மாட்டிகினோம். 'உட்டுட்டுப் பூடாதடா'ன்னு என் கையை இப்படித்தான் புடிச்சிகினு இருந்தான். கண்ணால பார்த்தேன், ஆனா அவன் புடிச்சது கையில ஒண்ணும் தெரியல. அவன் செத்தப்புறம் வெரலைப் பிரிச்சுத்தான் என்னை வெளிய எடுத்தாங்க."

சுபத்ரா பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். கையுறையை மாட்டிய நொடியிலிருந்தே அந்த ஐந்து இடங்களில் மெல்லிய அழுத்தம் இருந்தது. கருவிக் கோளாறு என்று அவள்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது வந்து பிடித்த கை அல்ல அது.

அன்றிலிருந்து விடவே இல்லை.

"கழட்டிடறேன்," என்று கம்பியை நோக்கிப் பாய்ந்தாள்.

"வேணாம் மேடம்!"

கதவருகே தேவகி. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கழற்றினால் தன் தொடுதலும் சேர்ந்து போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து, தன் கையால் கையுறையைப் பொத்திக்கொண்டாள்.

"உட்டுடுண்ணே. இனிமே நான் புடிச்சிக்கிறேன். நீ போ."

சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் உள்ளங்கையின் அழுத்தம் மட்டும் திரையில் நின்றது.

மணவாளன் நீளமாக மூச்சு விட்டான். "உட்டுட்டான் தேவகி! இப்ப உன் கை மட்டும்தான்."

தேவகி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே அவளுடைய கண்ணாடி வளையல்கள், யாரோ பற்றித் தள்ளுவதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக முழங்கையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.