உண்டு, உண்டு, உண்டு

காலை 7.20. ராஜபாளையத்தில் மூடிக்கிடந்த நூற்பாலையின் பழைய கொட்டகைக்குள் நுழைந்த யோகேஸ்வரி, மேசையைப் பார்த்ததும் அலறிவிட்டாள். "ஐயோ, என் எட்டு மாசம் போச்சே!"

மடிக்கணினி இல்லை. ஒலிகளைச் சேர்த்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் இல்லை.

எட்டு மாதமாக அவள் அங்கே மைக் வைத்திருந்தாள். தகரத்தில் மழை, வாசலில் டீ கிளாஸ், ரோட்டில் பஸ் ஹாரன் என எதையும் விடவில்லை. கேட்ட சத்தத்துக்கு எந்திரமே ஒரு வரி எழுதி, நேரத்தோடு பிரிண்டரில் அடிக்கும். யாராவது பேசினால் மட்டும், காதில் விழுந்த சொல்லை அப்படியே எழுதிவிடும். பிறகு எந்திரக் குரல் அதை வாசிக்கும். கொட்டகையை இடிக்க நாள் குறித்தாயிற்று. இன்று மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு முறைதான் நிகழ்ச்சி. அங்கே வேலை பார்த்த எழுபது பெண்களும் வருகிறார்கள், ஆலை முதலாளியும் வருகிறார்.

8.05. சப்-இன்ஸ்பெக்டர் சோலைராஜ் வந்தபோது, யோகேஸ்வரியின் தோழி வைஜயந்தி காகிதச் சுருள் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைச் சொல் பிசகாமல் தட்டச்சு செய்கிறவள் அவள்.

"திருடன் ஒயரைப் பிடுங்கறதுக்குள்ள பிரிண்டர் ரெண்டு வரி அடிச்சிருக்கு, சார்."

*6.11. ஷட்டர் ஏறுகிறது.*
*6.12. உண்டு, உண்டு, உண்டு.*

யோகேஸ்வரியைத் தவிர ஷட்டர் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் காவலாளி தங்கச்சாமி, மற்றவர் முதலாளி மகன் கௌதம்ராஜ்.

"உண்டுன்னா சாப்பிட்டுன்னு அர்த்தம்" என்று தங்கச்சாமி பக்கம் திரும்பினார் சோலைராஜ். "யோவ், காலைக் கஞ்சி எங்க?"

"இங்கனதான் குடிப்பேன், சார். ஆனா இன்னைக்கு ஏழரைக்குத்தான் வந்தேன்."

"ஆறு மணிக்கு வீட்டுல இருந்ததை யாரு பாத்தா?"

"நான் ஒண்டிக்கட்டை, சார்" என்றார் தங்கச்சாமி. சோலைராஜுக்கு வழக்கு முடிந்துவிட்டது. எம்புட்டு சுலபம்!

9.10. கௌதம்ராஜ் பைக்கில் வந்தார்.

"ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?" வைஜயந்திதான் கேட்டாள்.

"வீட்டுல. நல்ல தூக்கம்."

அவர் போன் அடித்தது. "உண்டு நானா, வஸ்தானு" என்று வைத்தார். "எங்கப்பா. செத்த நேரம் ஆளைக் காணலைன்னா போன்தான்."

வைஜயந்தி சுருளை மடித்தாள்.

"சார், தங்கச்சாமி அண்ணனை விடுங்க. அவரு கஞ்சி 'குடிப்பேன்'னாரு. நம்மூர்ல பேச்சுல எவன் 'உண்டு'ங்கான்? தெலுங்குல உண்டுன்னா 'இரு'ன்னு அர்த்தம். இப்ப இவரு போன்ல 'இருப்பா, வர்றேன்'னு சொன்னாரே, அதே உண்டு. எந்திரத்துக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல நாமளும் தமிழ்லயே படிச்சோம்."

"ராஜபாளையத்துல தெலுங்கு பேசுறவங்க எத்தனை ஆயிரம் பேரு!" கௌதம்ராஜ் சிரித்தார்.

"சாவி வச்சிருக்கவங்கள்ல ஒருத்தர்தான். போனைக் காட்டுங்க."

காட்டத் தயங்கினார். சோலைராஜ் கை நீட்டியதும் கொடுத்தார். 6.12க்கு அழைப்பு இருந்தது, அப்பாவிடமிருந்து.

"ஒரே வீட்டுல தூங்குற பிள்ளையை எந்த அப்பா போன்ல கூப்பிடுவாரு?"

பைக் பெட்டியில் மடிக்கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன.

"பின்னறை மோட்டாரையெல்லாம் அறுத்து இரும்புக்கடைக்கு வித்துட்டேன்" என்றார் கௌதம்ராஜ். "அப்பாவுக்குத் தெரியாது. நேத்து ஒத்திகையில அந்தக் குரல் அதையும் வாசிச்சது. யோகேஸ்வரி, மோட்டார் அறுத்த அந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துரும்மா. இல்லைன்னா கொட்டகையைத் திறக்க விடமாட்டேன்."

யோகேஸ்வரி மடிக்கணினியை வாங்கி மேசையில் வைத்தாள். இரண்டே வரி. எடுத்தால் யாருக்கும் தெரியாது, நிகழ்ச்சியும் நடந்துவிடும். அவள் தங்கச்சாமியைப் பார்த்தாள்.

"மோட்டாரைக் காணோம்னு ஒருநாள் தேடுவீங்க. அப்போ இவரைத்தானே பிடிப்பீங்க? எடுக்க மாட்டேன். திறக்கறதை உங்கப்பாகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

கேட்டாள். பெரியவர் கேள்வி எதுவும் கேட்காமல் சரி என்றார். பொருள் கிடைத்துவிட்டதால் அவள் புகார் எழுதிக் கொடுக்கவில்லை.

மாலை 4.37. கொட்டகை நிறைந்திருந்தது. ஒலிபெருக்கியில் மழைச் சத்தம் ஓய்ந்தது. எந்திரக் குரல் நிதானமாக வாசித்தது.

*இரும்பு அறுபடுகிறது. லாரி நிற்கிறது.*

"என்ன இரும்பு?" பெரியவர் சட்டென்று திரும்பித் தங்கச்சாமியை முறைத்தார். தங்கச்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

குரல் அடுத்த வரிக்குப் போனது.

*அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், வெரசா ஏத்துங்க.*

பெரியவர் தங்கச்சாமியை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.