இருபத்தைந்தாவது கட்டை

பெட்டியின் மூடி மூடவில்லை.

தச்சர் முதலில் பழியை மழை மேல் போட்டார். ஈரத்துக்கு மரம் ஊதும். முப்பது வருஷமாக மரத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அது தெரியாதா? ஆனால் ஊதின மரம் மூடியை இறுக்கிப் பிடிக்குமே தவிர, இப்படி இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தாது. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கென்று அவரே அறுத்து, இழைத்து, வாயில் வைத்தாலும் கீறாதபடி மூலை மூலையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அடுக்குக் கட்டைகள் அவை. வரிசைக்கு ஆறு, நான்கு வரிசை. பெட்டியும் அதே அளவுக்குத்தான் செய்தது. இன்னொரு தீக்குச்சி வைக்கக்கூட இடம் கிடையாது.

எண்ணிப் பார்த்தார். இருபத்தைந்து.

"கட்டை குட்டி போட்டிருக்குபோலப்பா," என்றாள் மகள், இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து. "இத்தனை வருஷம் எண்ணத் தெரியாமலேயே தொழில் பண்ணியிருக்கீங்க."

தச்சர் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காகக் கிடந்த அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் பூசாத வெறும் மரம். ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறி. இடது கோடு நீளம், வலது கோடு குட்டை. அவர் கை போடுகிற கோடு.

அது அடுக்குக் கட்டை இல்லை. அளவுக்கட்டை.

குழந்தைக் கட்டிலைச் சுற்றிக் கம்புகளை நடும்போது, ஒரு கம்பை ஒட்டி இதை வைத்து, இதன் மறுபக்கத்தை ஒட்டி அடுத்த கம்பை இறக்க வேண்டும். மூன்று விரல் இடைவெளி. குழந்தையின் உடம்பு அதில் நுழையாது. சரியான கட்டை எப்போதும் பட்டறைச் சுவரில், ஆணியில் தொங்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அது தொங்கவில்லை. தேடப் பொறுமையில்லாமல், கண் திட்டத்தில் வேறொன்றை அறுத்து, அடுத்த தெருத் தையல்காரியின் குழந்தைக்குக் கட்டிலைச் செய்து முடித்துவிட்டார். கடைசிக் கம்பும் பசையில் உட்கார்ந்த பிறகுதான் மரச்சீவலுக்கு அடியிலிருந்து பழைய கட்டை அகப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். புதியது ஒரு விரல் அதிகம்.

இனி யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று பென்சிலை எடுத்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டார். கட்டையைத்தான் கழித்தார். கட்டிலைக் கழிக்க மனம் வரவில்லை. ஒரு விரல்தானே.

பதினோராம் நாள் மத்தியானம், தூங்கி எழுந்த அந்தக் குழந்தை காலை வெளியே நீட்டி இறங்கப் பார்த்திருக்கிறது. உடம்பு நுழைந்தது. தலை நுழையவில்லை.

தெருவே கூடி நின்ற அந்த அறையில், தையல்காரி அவரைத்தான் கேட்டாள். "கட்டில்ல ஏதாவது குறையாண்ணே?"

"கட்டில்ல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாக் கட்டிலும் இப்படித்தான் இருக்கும். நீதான் கண் அசந்துட்டே."

அன்றைக்கே, அவள் கண்ணில் படவேண்டாமே என்று நல்லவர்போலச் சொல்லி, கட்டிலைத் தூக்கிவந்து துண்டுதுண்டாக அறுத்து எரித்தார். இந்தக் கட்டையையும்தான். இது சாம்பலாகிறவரை அடுப்பை விட்டு நகரவில்லை.

இப்போது மறுபடியும் எரித்தார். பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டு, அது கறுத்து, வெடித்து, செந்தணலாகி, நடுவில் முறிந்து விழுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றினார்.

மறுநாள் மத்தியானம் உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது. டரரர... டரரர... கட்டிலுக்குள் நின்றபடி குழந்தை கம்பு வரிசையின்மேல் எதையோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம். நல்ல விளையாட்டுத்தான். தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

உள்ளே போனார். பேத்தி கையிலிருந்ததை அவரிடம் நீட்டிச் சிரித்தாள். பெருக்கல் குறி. வாயில் வைத்துச் சப்பியிருந்ததால் ஈரமாக இருந்தது. புகை வாடை அடித்தது.

பிடுங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடி, ஆணியிலிருந்து சரியான அளவுக்கட்டையை எடுத்துவந்தார். பேத்தியின் கட்டிலை இதை வைத்துத்தான் செய்தார். ஒவ்வொரு இடைவெளியையும் இரண்டு தடவை பார்த்துச் செய்தார். கம்புகளுக்கு நடுவே வைத்தார். தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. பிடி விட்டதும் மறுபக்கம் தொப்பென்று விழுந்தது.

அடுத்த இடைவெளி. விழுந்தது. அதற்கடுத்தது. விழுந்தது.

குறி போட்ட கட்டையை வைத்தார். கச்சிதமாக நின்றது.

"இனிமே இதுல குழந்தையைப் போடாதே," என்றார் மகளிடம்.

"ஏம்ப்பா?"

ஏன் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அப்பாவின் கையில் செய்த சாமானென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிற மகள் அவள்.

"பூச்சி அரிச்சிருக்கு."

"நீங்க செஞ்ச கட்டில்லயா? வெளியே சொல்லிடாதீங்க, தொழில் படுத்துடும்," என்று சிரித்தாலும், அன்றிரவு குழந்தையைத் தன்னோடுதான் படுக்க வைத்துக்கொண்டாள். கட்டிலை நாளைக்கு அறுத்துவிடலாம் என்று தச்சர் நினைத்துக்கொண்டார். வெளிச்சத்தில்.

மூன்றாம் நாள், ரம்பத்துக்கு அவர் கூர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் தையல்காரி வந்து நின்றாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் பகலில் படுப்பதே இல்லை என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். எந்த மத்தியானம் அந்த வழியாகப் போனாலும் ஜன்னலுக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். தச்சர் அந்த வழியாகப் போவதில்லை.

"பேத்திக்குப் பிறந்தநாளாமே. துண்டுத் துணியில ஒரு போர்வை தைச்சேன்," என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தைத்துத் தைத்து விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன.

பேத்தி தவழ்ந்துபோய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். எதையோ எடுத்து நீட்டினாள். தச்சர் பார்ப்பதற்குள் அது தையல்காரியின் கைக்குப் போய்விட்டது.

"குளிக்காம எங்கே ஓடிவந்தே கழுதை," என்று மகள் வந்து குழந்தையை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பட்டறையில் இரண்டு பேர் மட்டும்.

தையல்காரி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னண்ணே, பெருக்கல் குறி?"

"கழிச்சுப்போட்ட கட்டைம்மா."

"எதுக்குக் கழிச்சீங்க? நல்லாத்தானே இருக்கு."

"அளவு தப்பு."

"எதோட அளவு?"

ரம்பத்தின் பற்களில் அவர் விரல் அழுந்தியது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வருஷம் பகலில் தூங்காத ஒருத்தி எதிரே நிற்கிறாள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இன்று மத்தியானம் அவள் தலையணையில் தலை வைப்பாள்.

கொல்லைப்பக்கம் மகள் குழந்தைக்குப் பாட்டுப் பாடுவது கேட்டது.

"ஏதோ பழைய வேலை," என்றார். "ஞாபகம் இல்ல."

தையல்காரி கட்டையைத் தன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு.

அப்போதுதான் உள்ளறையில் அந்தச் சத்தம்.

டரரர... டரரர...

கட்டை இங்கே, அவள் கையில் இருக்கிறது.

டரரர...

நின்றுவிட்டது. ஒரு முனகல். துணி மரத்தில் உரசுகிற சத்தம். பிறகு, பலகையில் குதிகால் அடிக்கிற சத்தம். பட். பட். பட்.

தச்சர் ஓடினார்.

உள்ளறையில் திரை பாதி மூடியிருந்தது. கட்டிலின் கம்புகளுக்கு வெளியே ஒரு சிறு உடம்பு தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துவரை வெளியே. தலை உள்ளே, கொசுவலையின் மடிப்புக்குள். கால்கள் தரையைத் தேடி உதைத்தன.

பாய்ந்து மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தாங்கினார். கழுத்தில் கனம் ஏறாதபடி தூக்கிப் பிடித்தார். சூடான உடம்பு. உள்ளங்கையில் விலா எலும்புகள் ஏறி இறங்கின. இழுத்தால் தலை வராது. உள்ளே தள்ளினாலும் போகாது. ரம்பம் பட்டறையில். கை இரண்டும் இங்கே.

"பாப்பா மாட்டிக்கிச்சு. ஓடி வா. ரம்பத்தை எடு."

ஈரக்காலோடு ஓடிவருகிற சத்தம். வாசலில் மகள்.

அவள் இடுப்பில், துண்டு சுற்றிய தலையோடு, பேத்தி.

"என்னப்பா? பாப்பா இங்கேதானே இருக்கா."

தச்சர் குனிந்து பார்த்தார். கைகளில் இருந்த உடம்பின் சட்டை, அந்தப் போர்வையைப் போலவே, துண்டுத் துணியில் தைத்தது. ஒரு சட்டைக்கை பச்சை. மற்றது மஞ்சள்.

"கையை எதுக்குப்பா அப்படி வச்சிக்கிட்டு இருக்கீங்க?"

விட முடியவில்லை. விட்டால் கழுத்து தாங்காது. கால்கள் அவர் மார்பில் உதைத்தன. உயிரோடு.

மகளுக்குப் பின்னால் தையல்காரி வந்து நின்றாள். ஒரு கையில் கட்டை. மறு கையில் போர்வை. அவள் தச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"கட்டில்ல ஏதாவது குறையாண்ணே?"

மகள் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பேத்தியும்.

தச்சர் வாயைத் திறந்தார். வந்தது, ஏற்கெனவே பழகின வார்த்தைகள்தான்.

"ஒரு குறையும் இல்லம்மா."

உதைப்பது நின்றது.

கைகளில் கனம் மட்டும் அப்படியே இருந்தது. சூடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரி கட்டையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். மகளின் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத அவருடைய இரண்டு கைகளுக்கும் நேர் கீழே, தூங்குகிற பிள்ளையை வாங்கிக்கொள்கிறவள் போல, போர்வையை விரித்துப் பிடித்தாள்.